அன்ட்ரொய்டிலிருந்து ஐபோனுக்கு: வியாபாரி எதைக் கொண்டு போகலாம், எது பின்தங்கிவிடும்?

"ஐபோனுக்கு மாறினால் நல்லதா?" என்று என்னிடம் கேட்கும் வியாபாரிகளின் தொகை கூடிக்கொண்டே போகிறது. மகன் டுபாயிலிருந்து அனுப்பியிருப்பார். உம்ராவுக்குப் போன மருமகன் ஜித்தாவில் வாங்கி வந்திருப்பார். அல்லது பக்கத்துக் கடை முதலாளியின் கையில் பார்த்து ஆசை வந்திருக்கும். எது சிறந்த போன் என்ற வாதத்தில் எனக்கு அக்கறையில்லை. இரண்டிலும் பேசலாம், இரண்டிலும் படம் பிடிக்கலாம். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "உங்களுடைய வியாபாரம் பழைய போனுக்குள் எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?"

அனேகமானவர்களுக்குத் தெரியாது. முன்பு கடன் கொப்பி, விலாசக் கொப்பி, பில் புத்தகம் மூன்றும் காசு மேசையின் லாச்சிக்குள் இருந்தன. கடையை மாற்றினால் லாச்சியைத் தூக்கிக்கொண்டு போகலாம். இன்று சிறு கடைகளின் கணக்குகளைப் பார்க்கும் எனக்கு மாத முடிவில் கிடைப்பது கொப்பி அல்ல, போன். புறக்கோட்டைக்குக் கொடுத்த ஓடர் வொய்ஸ் மெசேஜாக இருக்கும். வங்கியில் காசு போட்ட சிட்டை படமாக இருக்கும். "மாசக் கடைசியில தாறேன் நானா" என்று கல்முனையிலிருந்து வந்த ஒற்றை வரிதான் இரண்டு இலட்சம் ரூபாய்க் கடனுக்கு இருக்கும் ஒரே அத்தாட்சி. மின்னணு வடிவில் இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு பதிவைச் செல்லாது என்று தள்ளிவிட முடியாதபடி, 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அதற்கு அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. ஆனால் காட்டுவதற்கு அந்தப் பதிவு கையில் இருக்க வேண்டுமே!

ஒரு அன்ட்ரொய்ட் போனிலிருந்து இன்னொரு அன்ட்ரொய்ட் போனுக்கு மாறுவது அதே தெருவில் கடை மாற்றுவது போன்றது. அன்ட்ரொய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுவது அப்படியல்ல. முன்னையது கூகுள் நிறுவனத்தின் இயங்குதளம். சம்சுங், ஷாவ்மி, ஒப்போ, விவோ எல்லாம் அதில் இயங்குகின்றன. பின்னையது அப்பிள் நிறுவனம் தன்னுடைய போன்களுக்கு மட்டும் வைத்திருக்கும் ஐ.ஓ.எஸ். என்ற தளம். ஒன்று தன் பொருட்களைக் கூகுள் கணக்கில் சேமிக்கிறது. மற்றது ஐகிளவுட் என்ற தன் சொந்தக் களஞ்சியத்தில் சேமிக்கிறது. ஒருவர் களஞ்சியத்தின் திறப்பு மற்றவர் பூட்டுக்குப் பொருந்தாது. தொல்லை அனைத்தும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

இப்படித் தளம் மாறுவது நமது வியாபாரிகளுக்குப் புதிதல்ல. நொக்கியாவும் பிளக்பெரியும் வைத்திருந்த காலம் பலருக்கு ஞாபகம் இருக்கும். நொக்கியா எஸ்-40 வகைப் போன்களில் வட்ஸ்அப் 2018 டிசம்பர் 31ஆம் திகதியுடன் நின்றுபோனது. பிளக்பெரியின் பழைய போன்களுக்கான சேவைகளை அந்த நிறுவனமே 2022 ஜனவரி 4ஆம் திகதி நிறுத்தியது. அந்தப் போன்களிலிருந்து மாறியவர்கள் வட்ஸ்அப் உரையாடல்களைப் புதிய போனில் திறந்து பார்க்க முறையான வழி எதுவும் இருக்கவில்லை. போனது போனதுதான். ஆனால் அப்போது கடன் கொப்பி இன்னமும் லாச்சியில் இருந்தது. அதனால் யாருக்கும் பெரிதாக வலிக்கவில்லை.

வட்ஸ்அப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்

கெய்சர் வீதியில் மொத்தத் துணி வியாபாரம் செய்யும் ஒருவர், எனக்கு நீண்ட காலமாகப் பழக்கமானவர், சென்ற வருடம் ஐபோனுக்கு மாறினார். போன் கடையில் இருந்த பொடியன் பத்தே நிமிடத்தில் சிம்மை மாற்றி, வட்ஸ்அப்பைப் போட்டு, இலக்கத்தைப் பதிந்து கொடுத்துவிட்டான். பழைய போனை அதே கடையில் விலை பேசிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். இரவு வீட்டில் திறந்து பார்த்தால் குழுக்களின் பெயர்கள் இருக்கின்றன, உள்ளே ஒரு செய்தியும் இல்லை. ஆறு வருட உரையாடல்கள் இல்லை. மறுநாள் காலை எனக்கு அழைத்தார். "தம்பி, கூகுள்ல பெக்அப் இருக்கு எண்டு பொடியன் சொன்னான், எங்க இருக்கு?"

பொடியன் சொன்னது உண்மைதான். பெக்அப் எனப்படும் காப்புப் பிரதி கூகுளில் இருந்தது. ஆனால் ஐபோனில் உள்ள வட்ஸ்அப் கூகுளில் உள்ள பிரதியைத் திறக்காது. அது ஐகிளவுட்டில் உள்ளதை மட்டுமே திறக்கும். அன்ட்ரொய்டில் உள்ள வட்ஸ்அப்பும் அவ்வாறே, ஐகிளவுட்டில் உள்ள பிரதியை வாசிக்காது. "பெக்அப் எடுத்துவிட்டேன், பயமில்லை" என்று நினைத்துத் தளம் மாறுகிறவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான்.

அவருடைய கதையின் மீதியைச் சொல்லுமுன் முறையான வழியைச் சொல்லிவிடுகிறேன். அன்ட்ரொய்டிலிருந்து ஐபோனுக்கு உரையாடல்களைக் கொண்டு போகும் வசதியை வட்ஸ்அப் நிறுவனம் 2022 ஜூன் மாதம் அறிவித்தது. அதற்கு அப்பிள் நிறுவனத்தின் 'மூவ் டு ஐ.ஓ.எஸ்.' என்ற இலவசச் செயலி தேவை. இதை நீங்கள் பழைய அன்ட்ரொய்ட் போனில் இறக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு போன்களும் சார்ஜரில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வைபை இணைப்பில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பழைய போனை ஐபோனின் ஹொட்ஸ்பொட்டில் இணைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் ஒரே தொலைபேசி இலக்கம்தான் பாவிக்கப்பட வேண்டும். இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது, ஐபோன் புத்தம் புதிதாக, அதாவது பெட்டியிலிருந்து எடுத்து முதல் தடவை இயக்கும் நிலையில் இருக்க வேண்டும். ஏற்கெனவே இயக்கிப் பாவித்துவிட்டீர்கள் என்றால் அதிலுள்ள அனைத்தையும் அழித்து மீண்டும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் இந்த வேலையைச் செய்யலாம்.

ஐபோனை முதல் தடவை இயக்கும்போது அது வரிசையாகக் கேள்விகள் கேட்கும். அவற்றுள் ஒன்று, பழைய போனிலிருந்து தரவுகளைக் கொண்டுவர வேண்டுமா என்பது. அதில் அன்ட்ரொய்ட் என்பதைத் தெரிவு செய்தால் ஐபோன் ஒரு குறியீட்டு இலக்கத்தைக் காட்டும். அதை அன்ட்ரொய்டில் உள்ள செயலியில் பதிந்ததும் எதை எதைக் கொண்டு போக வேண்டும் என்ற பட்டியல் வரும். தொலைபேசி இலக்கங்கள், குறுந்தகவல்கள், படங்கள், நாட்காட்டி, மின்னஞ்சல் கணக்குகள் ஆகியவற்றுடன் வட்ஸ்அப்பும் அங்கே இருக்கும். அவசரத்தில் பலரும் வட்ஸ்அப்பைத் தொடாமலே கடந்துவிடுகிறார்கள். அதைத் தெரிவு செய்ததும் பழைய போனின் வட்ஸ்அப் தன் பொருட்களை மூட்டை கட்டத் தொடங்கும். கட்டி முடிந்ததும் பழைய போனில் உங்கள் கணக்கு வெளியேறிவிடும். பயப்பட வேண்டாம், அதுதான் முறை. பிறகு ஐபோனில் வட்ஸ்அப்பை இறக்கி, அதே இலக்கத்தால் உள்ளே போனால் மூட்டை அவிழும்.

வருடக்கணக்கில் படங்களும் வொய்ஸ்களும் சேர்ந்திருந்தால் இதற்கு மணிக்கணக்கில் நேரம் எடுக்கும். இடையில் அழைப்பு வந்தது என்று போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனால் அறுந்துவிடும். வட்ஸ்அப்பில் யார் யாருக்கு அழைப்பு எடுத்தீர்கள் என்ற பட்டியல் இவ்வழியில் வராது. அது பெரிய நட்டமல்ல. ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது: இப்படிக் கொண்டுவந்த உரையாடல்கள் தாமாக ஐகிளவுட்டில் போய்ச் சேராது. நீங்கள் ஐபோனில் புதிதாகக் காப்புப் பிரதி எடுத்தால்தான் சேரும். கூகுள் இலவசமாகக் கொடுக்கும் இடம் 15 ஜி.பி.; அப்பிள் கொடுப்பது 5 ஜி.பி. மட்டுமே. வியாபாரியின் வட்ஸ்அப் அதற்குள் அடங்குவது கஷ்டம். மாதாந்தம் கட்டணம் செலுத்தி இடம் வாங்க வேண்டிவரும் என்பதைப் போனின் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

இனி, கெய்சர் வீதிக்காரரின் கதை. பழைய போன் கைமாறிவிட்டது. கூகுளில் பிரதி இருக்கிறது, ஆனால் ஐபோன் அதை வாசிக்காது. அப்படியானால் அதை வாசிக்கக்கூடிய ஒரு போனை இடையில் வைக்க வேண்டியதுதானே? மகள் வீட்டில் சும்மா கிடந்த ஒரு அன்ட்ரொய்ட் போனை எடுத்தோம். அதில் அவருடைய கூகுள் கணக்கைப் போட்டு, வட்ஸ்அப்பை அதே இலக்கத்தால் பதிந்தோம். பிரதி இறங்கியது. பிறகு ஐபோனை முழுமையாக அழித்து, முதலிலிருந்து மேலே சொன்ன முறையில் செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. கடைசிப் பிரதி எடுக்கப்பட்ட நேரத்துக்கும் போனைக் கொடுத்த நேரத்துக்கும் இடைப்பட்ட செய்திகள் மட்டும் கிடைக்கவில்லை. அந்தப் பகல் பொழுதில் இரண்டு ஓடர்களும் பண வைப்புச் சிட்டை ஒன்றும் வந்திருந்தன. அனுப்பியவர்களிடமே திரும்பக் கேட்டு வாங்கினார். அவர்கள் நல்லவர்கள், அனுப்பினார்கள். காசு கொடுக்க வேண்டியவரிடம் அப்படிக் கேட்க நேர்ந்திருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

கூகுளில் பிரதியே எடுத்து வைக்காதவர்களுக்கு இந்த வழியும் இல்லை. ஆகவே எந்த வழியில் மாறினாலும், பெருந்தொகை நிலுவையில் உள்ள வாடிக்கையாளர்களின் உரையாடல்களைத் தனித்தனியே வெளியே எடுத்து வையுங்கள். ஒவ்வொரு உரையாடலுக்குள்ளும் 'எக்ஸ்போர்ட் சட்' என்ற வசதி இருக்கிறது. அதை அழுத்தி உங்களுடைய மின்னஞ்சலுக்கே அனுப்பினால், திகதி, நேரத்துடன் எழுத்து வடிவில் வந்து சேரும். படங்களையும் சேர்த்து அனுப்பலாம். எந்தப் போனிலும், எந்தக் கணனியிலும் திறக்கும். பத்துப் பேர் என்றால் அரை மணி நேர வேலை. போன் மாற்றாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை இதைச் செய்யும்படி நான் எனது வாடிக்கையாளர்களிடம் சொல்லி வருகிறேன்.

ஜி.பி. வட்ஸ்அப் போன்ற போலிப் பதிப்புகளைப் பாவிப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அதிலுள்ள உரையாடல்களுக்கு மேற்சொன்ன முறையான பாதை கிடையாது. முதலில் உண்மையான வட்ஸ்அப்புக்குத் திரும்பி, உரையாடல்கள் சரியாக வந்தனவா என்று பார்த்து, சில நாட்கள் பாவித்த பிறகே தளம் மாற வேண்டும். அதேபோல் சாதாரண வட்ஸ்அப்பிலிருந்து வட்ஸ்அப் பிஸ்னஸுக்கு மாறும் எண்ணம் இருந்தால் அதை வேறொரு நாளைக்கு வையுங்கள். ஒரே நாளில் இரண்டு மாற்றம் செய்து எங்கே பிழைத்தது என்று தெரியாமல் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு கட்ட உறுதிப்படுத்தலுக்காக ஆறு இலக்கப் பின் ஒன்றை எப்போதோ போட்டிருப்பீர்கள். அது ஞாபகம் இருக்கிறதா என்று மாறுவதற்கு முன்பே பாருங்கள். மறந்துவிட்டு, மீட்பதற்கான மின்னஞ்சலும் கொடுக்காமல் இருந்தால் ஏழு நாட்கள் காத்திருக்க நேரிடும். ஒரு வாரம் வட்ஸ்அப் இல்லாமல் மொத்த வியாபாரம் எப்படி நடக்கும்? குறுந்தகவலில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டையும் உதவி செய்கிறேன் என்று வருபவர் உட்பட எவரிடமும் சொல்ல வேண்டாம். கடைக் கணனியில் இணைத்து வைத்த வட்ஸ்அப் வெப்பும் மாறிய கையோடு வெளியேறிவிடும். மறுபடி இணைக்க வேண்டும் என்று காசாளருக்குச் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் காலையில் கடை திறந்ததும் ஓடர் வரவில்லை என்று பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

இலக்கங்கள், சிம், டுபாய் போன்

தொலைபேசி இலக்கங்கள் சுலபமாக வந்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வரும், அவை கூகுள் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தால். பழைய ஆட்கள் பலருடைய இலக்கங்கள் மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கும்: கொஞ்சம் சிம்மில், கொஞ்சம் போனில், கொஞ்சம் கூகுளில். சிம்மில் உள்ளதை ஐபோனுக்குள் எடுக்கலாம். ஆனால் ஐபோனிலிருந்து சிம்முக்கு எழுத முடியாது, அந்த வழி அங்கே இல்லை. பழைய போன் கையில் இருக்கும்போதே எல்லாவற்றையும் கூகுள் கணக்குக்கு நகர்த்திவிட்டு, ஐபோனில் அதே கூகுள் கணக்கைச் சேர்த்துக்கொண்டால் இலக்கங்கள் இரண்டு பக்கமும் இருக்கும். நாளைக்கு ஐபோன் பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தாலும் சிரமமில்லை.

சிம்மைப் பற்றி வேறொரு விடயம் இருக்கிறது, இதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். நமது வியாபாரிகளுக்கு இரண்டு சிம் இல்லாமல் முடியாது. ஒன்று கடை, ஒன்று வீடு; அல்லது ஒன்று டயலொக், ஒன்று மொபிட்டல். அன்ட்ரொய்டில் இரண்டையும் செருகிவிடலாம். இரண்டு சிம் அட்டைகள் செருகக்கூடிய ஐபோன்கள் சீனா, ஹொங்கொங், மக்காவ் சந்தைகளுக்கு மட்டுமே தயாரிக்கப்பட்டன. மற்ற நாடுகளில் 2018 முதல் வந்த மாதிரிகளில் ஒன்று அட்டை, மற்றது ஈ-சிம். அதாவது போனுக்குள்ளேயே பதியப்படும், கையில் பிடிக்க முடியாத சிம். அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 2022இல் வந்த 14ஆவது வரிசை முதல் சிம் செருகும் இடமே இல்லை. 2025 செப்டம்பரில் வெளியான ஐபோன் 17, 17 ப்ரோ மாதிரிகளில் இது சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், கட்டார், குவைத், ஓமான், பஹ்ரைன் நாடுகளுக்கும் வந்துவிட்டது. அதே வருடம் வந்த ஐபோன் எயார் எந்த நாட்டில் வாங்கினாலும் ஈ-சிம் மட்டும்தான்.

ஆகவே டுபாயிலிருந்தோ ஜித்தாவிலிருந்தோ மகன் அன்போடு வாங்கி வரும் புதிய ஐபோனில் உங்களது சிம்மைச் செருக இடமிருக்காது. இலங்கையிலும் ஈ-சிம் கிடைக்கிறது. தேசிய அடையாள அட்டையுடன் சேவை நிலையத்துக்குப் போனால் அதே இலக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த இலக்கம் யாருடைய பெயரில் இருக்கிறது? பதினைந்து வருடத்துக்கு முன் கடையில் வேலை செய்த ஒருவரின் பெயரில் எடுத்த சிம்மை இன்றும் கடையின் பிரதான இலக்கமாகப் பாவிப்பவர்களை நான் அறிவேன். பெயர்ப் பலகையிலும் பில்லிலும் அந்த இலக்கம்தான். அவர் எங்கோ கட்டாரில். போன் மாற்றும் எண்ணம் இல்லாதவர்களும் இதை இந்த வாரமே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இலங்கையில் வாங்குவதானாலும் வெளிநாட்டிலிருந்து வந்ததானாலும் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண் வரும். ஐ.எம்.ஈ.ஐ. என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டி, ஒரு இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 1909க்குக் குறுந்தகவல் அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அந்தப் போன் பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும். பாவித்த ஐபோன் வாங்குவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முன்னைய உரிமையாளர் தன் அப்பிள் கணக்கிலிருந்து வெளியேறாமல் விற்றிருந்தால் அந்தப் போன் வெறும் கண்ணாடித் துண்டு. கடைக்காரர் உங்கள் கண் முன்னே முழுவதும் அழித்து, திரும்ப இயக்கிக் காட்டட்டும். பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டால் காசைக் கொடுக்காமல் எழுந்து வாருங்கள்.

வங்கியும் பில் மெசினும்

வங்கிச் செயலிகள் போனோடு பிணைக்கப்பட்டவை. புதிய போனில் இறக்கினால் மட்டும் போதாது, மீண்டும் பதிய வேண்டும். அதற்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தேவை. தினமும் விரலை வைத்துத் திறந்து பழகியவருக்குக் கடவுச்சொல் எங்கே ஞாபகம் இருக்கும்? மாறுவதற்கு முந்திய நாள், ஒவ்வொன்றாக விரலுக்குப் பதில் கடவுச்சொல்லால் திறந்து பாருங்கள். திறக்காதவற்றை அப்போதே சரிசெய்யலாம். காசு மேசையில் ஒட்டியிருக்கும் லங்கா கியூ.ஆர். ஸ்டிக்கரை மாற்றத் தேவையில்லை. அது உங்கள் வியாபாரக் கணக்கைச் சேர்ந்தது, போனைச் சேர்ந்ததல்ல. பணம் வந்ததை அறிவிக்கும் செய்தி புதிய போனுக்கு வருகிறதா என்று நூறு ரூபாய் அனுப்பிப் பார்த்தால் போதும்.

பில் அச்சிடும் சின்ன புளூடூத் இயந்திரம் வைத்திருப்பவர்கள் சற்று நிதானிக்க வேண்டும். விற்பனைப் பிரதிநிதிகள் இடுப்பில் மாட்டிக்கொண்டு போகும் அந்தச் சிறிய இயந்திரங்களில் மலிவானவை பல பழைய வகைப் புளூடூத் இணைப்பில் இயங்குகின்றன. அந்த வகை இணைப்புக்கு அப்பிள் நிறுவனத்தின் அனுமதி பெற்ற சாதனங்களை மட்டுமே ஐபோன் ஏற்றுக்கொள்ளும். அன்ட்ரொய்டில் நேற்று வரை ஓடிய இயந்திரத்தை ஐபோன் கண்டுகொள்ளவே மாட்டாது. இயந்திரத்தில் பழுதில்லை, போனிலும் பழுதில்லை, ஆனால் பில் வராது. அதுபோல யாரோ ஒரு மென்பொருள்காரர் உங்கள் கடைக்கென்று செய்து, வட்ஸ்அப்பில் அனுப்பி, போனில் ஏற்றிக் கொடுத்த பில் செயலி ஐபோனில் ஏறாது. ஐபோனுக்கென்று தனியாகச் செய்து, அப்பிள் வைத்திருக்கும் முறைகளின் வழியாகத்தான் வர வேண்டும். அன்ட்ரொய்டில் காசு கொடுத்து வாங்கிய செயலிகளையும் அங்கே மறுபடி காசு கொடுத்தே வாங்க வேண்டும்.

இந்தக் காரணத்தாலேயே பலருக்கு நான் சொல்லும் ஆலோசனை, முதலாளி ஐபோனுக்குப் போகட்டும், கடை அன்ட்ரொய்டிலேயே இருக்கட்டும் என்பதுதான். கடை இலக்கமும், பில் மெசினும், வாடிக்கையாளர் குழுக்களும் ஒரு சாதாரண அன்ட்ரொய்ட் போனில் கடையிலேயே இருந்தால் முதலாளி எந்தப் போனுக்கு மாறினாலும் வியாபாரம் அசையாது. 2023 ஏப்ரல் முதல் ஒரே வட்ஸ்அப் கணக்கை ஒன்றுக்கு மேற்பட்ட போன்களில் இணைத்துப் பாவிக்கலாம். கடைப் போன் பிரதானமாக இருக்க, உங்கள் ஐபோனை அதனுடன் இணைத்துக்கொண்டால் ஓடர்களை வீட்டிலிருந்தும் பார்க்கலாம். பிரதான போனில் 14 நாட்களுக்கு மேல் வட்ஸ்அப்பைத் திறக்காவிட்டால் மட்டும் இணைந்தவை வெளியேறிவிடும். அது கடையில் தினமும் பாவனையில் இருக்கும் போன் என்பதால் அந்தப் பிரச்சினை வராது.

ஐபோனிலிருந்து அன்ட்ரொய்டுக்குத் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள், விலையைப் பார்த்தோ இரண்டு சிம்முக்காகவோ. அவர்களுக்கு வட்ஸ்அப் வழி கொஞ்சம் முந்தியே, 2021 ஓகஸ்ட்டில் திறந்தது. முதலில் சம்சுங் போன்களுக்கு, பிறகு கூகுள் பிக்சலுக்கும் அன்ட்ரொய்ட் 12 கொண்ட மற்றப் போன்களுக்கும். இரண்டு போன்களையும் கேபிளால் இணைத்து, புதிய போனை முதன்முறை இயக்கும்போதே செய்வது அந்த முறை. அவர்கள் மறக்கக்கூடாத ஒன்று, பழைய ஐபோனில் ஐமெசேஜை நிறுத்திவிட்டு வருவது. நிறுத்தாவிட்டால் மற்ற ஐபோன்காரர்கள் உங்களுக்கு அனுப்பும் செய்திகள் அந்தப் பக்கமே போய் நிற்கும். பழைய போன் கையில் இல்லாதவர்கள் அப்பிளின் இணையத்தளத்தில் இலக்கத்தைக் கொடுத்து நீக்கிக்கொள்ளலாம். 2014 முதல் அந்த வசதி இருக்கிறது.

ஐபோனில் பிடிக்கும் படங்கள் ஹெயிக் என்ற வடிவில் சேமிக்கப்படுவதால் கடையிலுள்ள பழைய கணனியில் திறக்காமல் போகலாம். கெமரா அமைப்பில் 'மோஸ்ட் கொம்பட்டிபிள்' என்பதைத் தெரிவு செய்தால் சாதாரண ஜே-பெக் படமாக வரும். தமிழில் எழுதுவதற்குத் தமிழ் 99, அஞ்சல் என்ற விசைப்பலகைகள் ஐபோனிலேயே உள்ளன. ஆங்கில எழுத்தால் தமிழ் அடித்துப் பழகியவர்கள் அஞ்சலைத் தெரிவு செய்யலாம், அல்லது அன்ட்ரொய்டில் பாவித்த அதே கூகுள் விசைப்பலகையை இறக்கிக்கொள்ளலாம். பழைய போனில் மெமரி கார்ட் இருந்தால் ஐபோனில் அதற்கு இடமில்லை. அதிலுள்ள படங்களும் அடங்கும் அளவுக்குக் கொள்ளளவு பார்த்து வாங்க வேண்டும்.

நாளைத் தெரிவு செய்வதிலும் கவனம் வேண்டும். நோன்பின் கடைசிப் பத்தில், பெருநாள் வியாபாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது போன் மாற்றுகிறேன் என்று ஒருவர் வந்தால் நான் பெட்டியைத் திறக்கவே விடுவதில்லை. மாதக் கடைசியும் கூடாது. மறுநாள் வங்கி திறந்திருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அல்லது போயா தினம் பொருத்தமாக இருக்கும். போன் கடையில் கொடுத்துச் செய்விப்பதானால் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். உங்கள் கடன்காரர்களின் பெயர்களும் காசோலைப் படங்களும் அதற்குள் இருக்கின்றன.

பழைய போனை உடனே விற்க வேண்டாம். பழைய போனுக்கு நல்ல விலை தருகிறேன் என்று கடைக்காரர் சொல்வார்; ஒரு மாதம் கழித்தும் கிட்டத்தட்ட அதே விலையைத்தான் சொல்வார். ஒரு மாதக் கணக்கு முடியும்வரை அது லாச்சியில் கிடக்கட்டும். ஏதோ ஒரு சிட்டையைத் தேடி நிச்சயம் ஒரு தடவையாவது அதைத் திறப்பீர்கள். பிறகு விற்கும்போது முதலில் அமைப்புக்குள் போய்க் கூகுள் கணக்கை நீக்கி, அதன் பின் முழுவதையும் அழியுங்கள். கணக்கை நீக்காமல் அழித்தால், வாங்கியவர் இயக்கும்போது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டுப் போன் நிற்கக்கூடும். அவர் அதைத் தூக்கிக்கொண்டு உங்கள் கடை வாசலுக்கே வருவார்.